ஒரே ஆக்சஸ் ஃபைலை எட்டுப் பேர் திறந்தால்: வாங்கும் முன் கேள்வி-பதில்

கேள்வி: எட்டுப் பேர் வேலை செய்யும் அலுவலகம். ஸ்டாக், பில், வாடிக்கையாளர் விவரம் எல்லாம் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் ஒரே ஃபைலில் இருக்கிறது. அதை சர்வரின் பொது ஃபோல்டரில் வைத்து, எல்லோரும் ஷார்ட்கட் வழியாக அதையே திறக்கிறோம். ஊர்ந்துதான் ஓடுகிறது, அடிக்கடி ஃபைல் பழுதாகி ரிப்பேர் கேட்கிறது. பெரிய சர்வர் வாங்கினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. பணத்தைக் கையிலேயே வைத்திருங்கள். ஆக்சஸைப் பொறுத்தவரை சர்வர் ஓர் அலமாரி, அவ்வளவுதான். தேடுவது, வடிகட்டுவது, கூட்டுவது எல்லாம் அவரவர் கம்ப்யூட்டரில்தான் நடக்கிறது. ஒரு பில்லைத் தேடினால், அந்த டேபிளின் இன்டெக்ஸும் (தேடலை விரைவாக்கும் குறிப்புப் பட்டியல்) தேவையான பக்கங்களும் 4 கேபி துண்டுகளாக கேபிள் வழியே வந்து சேர வேண்டும். இன்டெக்ஸ் இல்லாவிட்டால் டேபிள் முழுவதுமே வரும். சர்வரின் பிராசசர் சும்மா வேடிக்கை பார்க்கும்.

உங்கள் சிக்கலின் வேர், ஃபார்ம், ரிப்போர்ட், டேபிள் எல்லாம் ஒரே ஃபைலில் இருப்பதும், அதையே எட்டுப் பேரும் திறப்பதும். அதை இரண்டாகப் பிரிக்க வேண்டும். டேபிள்கள் மட்டும் உள்ள ‘பேக் எண்ட்’ சர்வரில் இருக்கட்டும். ஃபார்ம், குவரி (தேடல் கட்டளை), ரிப்போர்ட் உள்ள ‘ஃப்ரண்ட் எண்ட்’ ஒவ்வொருவர் கம்ப்யூட்டரிலும் தனித்தனிப் பிரதியாக இருக்கட்டும்.

செய்முறை இதுதான். எல்லோரும் வெளியேறிய பிறகு ஃபைலை பேக்கப் எடுத்து, ஒரு பிரதியை உங்கள் கம்ப்யூட்டருக்கு நகலெடுத்துத் திறங்கள். ‘டேட்டாபேஸ் டூல்ஸ்’ தாவலில் ‘மூவ் டேட்டா’ பகுதியில் ‘ஆக்சஸ் டேட்டாபேஸ்’ என்பதை அழுத்தினால் பிரிக்கும் விஸார்ட் வரும். பேக் எண்டை எங்கே சேமிப்பது என்று அது கேட்கும்போது, இசட் டிரைவ் போன்ற எழுத்து வழியாகப் போகாதீர்கள். \\சர்வர்\தரவு என்ற முழுப் பாதையை டைப் செய்யுங்கள். எழுத்து வழியாகப் போனால் அந்த எழுத்தே லிங்க்கில் பதிந்துவிடும். அடுத்த கம்ப்யூட்டரில் அதே பாதைக்கு வேறு எழுத்து இருந்தால் ஒரு டேபிளும் திறக்காது. ஏற்கெனவே அப்படி ஆகியிருந்தால் ‘லிங்க்டு டேபிள் மேனேஜர்’ கொண்டு மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்தது ஃபோல்டர் அனுமதி. பலரும் சறுக்கும் இடம் இது. யாராவது பேக் எண்டைத் திறந்ததும் அதே ஃபோல்டரில் எல்ஏசிசிடிபி (.laccdb) என்று முடியும் பூட்டு ஃபைல் ஒன்று உருவாகும். கடைசி ஆள் வெளியேறியதும் அழியும். யார் எந்தப் பதிவைப் பிடித்திருக்கிறார் என்ற கணக்கு அதில்தான் இருக்கிறது. ஆகவே ஃபைலுக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதாது. பயன்படுத்தும் அனைவருக்கும் அந்த ஃபோல்டரில் உருவாக்க, மாற்ற, அழிக்க உரிமை வேண்டும். நெட்வொர்க் வழியே வருபவருக்கான ஷேர் அனுமதி, டிஸ்க்கில் உள்ள ஃபோல்டருக்கான என்டிஎஃப்எஸ் அனுமதி இரண்டிலும் பாருங்கள். எது கடுமையோ அதுதான் செல்லும். ‘அவர் பார்த்தால் மட்டும் போதும்’ என்று ஒருவருக்கு ரீட் ஒன்லி கொடுத்துவிட்டு, மற்றவர்களால் உள்ளே வர முடியவில்லையே என்று தேடுவது வாடிக்கை.

பிறகு ‘ஆப்ஷன்ஸ்’, ‘கிளையன்ட் செட்டிங்ஸ்’, ‘அட்வான்ஸ்டு’ பகுதி. திறக்கும் முறை ‘ஷேர்டு’ ஆக இருக்க வேண்டும். பூட்டுவதற்கு ‘எடிட்டட் ரெக்கார்ட்’ (திருத்தும் பதிவை மட்டும் பூட்டுவது) தேர்ந்தெடுத்து, ரெக்கார்ட் அளவில் பூட்டும் பெட்டியில் டிக் வையுங்கள். ‘நோ லாக்ஸ்’ விட்டால், ஒரே ஸ்டாக் வரியை இருவர் திருத்தும்போது இரண்டாமவருக்கு ‘ரைட் கான்ஃப்ளிக்ட்’ (எழுதுவதில் மோதல்) செய்தி வரும். அவசரத்தில் தவறான பட்டனை அழுத்தினால் முதலாமவரின் திருத்தம் போயே போச்சு. இந்த அமைப்புகள் ஃபைலோடு பயணிக்காது; கம்ப்யூட்டர் தோறும் செய்ய வேண்டும். ஆனால் ஒவ்வொரு ஃபார்மின் ‘ரெக்கார்ட் லாக்ஸ்’ பண்பு ஃபைலுக்குள்ளேயே இருப்பதால், முக்கியமான ஃபார்ம்களில் அதையும் அமைத்துவிடுவது நல்லது.

இன்னும் மந்தமா? ஃப்ரண்ட் எண்ட் திறந்ததும் பேக் எண்டின் ஒரு சிறு டேபிளைத் திறந்து, மூடும் வரை பிடித்துவைக்கும் மறைவான ஃபார்ம் ஒன்று போடுங்கள். பூட்டு ஃபைலைத் திரும்பத் திரும்ப உருவாக்கி அழிக்கும் வேலை நிற்கும். வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். பேக் எண்ட் டேபிள்களில், தொடர்புடைய டேபிளை உள்ளேயே காட்டும் ‘சப்டேட்டாஷீட் நேம்’ பண்பை ‘ஆட்டோ’விலிருந்து ‘நன்’ ஆக்குங்கள். வடிகட்டும் ஃபீல்டுகளுக்கு இன்டெக்ஸ் போடுங்கள். செலவழித்தே ஆக வேண்டுமென்றால் ஜிகாபிட் ஸ்விட்ச், நல்ல கேபிள், சர்வருக்கு ஒரு யுபிஎஸ்: இந்த மூன்றுக்கும் செலவழியுங்கள்.

மூடும்போது ஃபைலைச் சுருக்கும் ‘காம்பாக்ட் ஆன் குளோஸ்’ அமைப்பு ஃப்ரண்ட் எண்டை மட்டுமே சுருக்கும். பேக் எண்டை, எல்லோரும் வெளியேறி பூட்டு ஃபைல் மறைந்த பிறகு, பேக்கப் எடுத்துவிட்டு நீங்களே திறந்து ‘காம்பாக்ட் அண்டு ரிப்பேர்’ கொடுக்க வேண்டும்.

கேள்வி: எட்டுப் பேருக்கும் ஆக்சஸ் லைசென்ஸ் வாங்க வேண்டுமா?

பதில்: வடிவமைப்பவருக்கு மட்டும் முழு ஆக்சஸ் போதும். மற்றவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ஆக்சஸ் ரன்டைம் (ஓட்ட மட்டும், வடிவமைக்க முடியாத பதிப்பு) போதும். பதிவு, திருத்தம், பிரின்ட் எல்லாம் நடக்கும். ஆனால் அதில் நேவிகேஷன் பேன் (ஃபார்ம், டேபிள்களைக் காட்டும் ஓரப் பட்டியல்) இருக்காது. எனவே எல்லா வேலைக்கும் போய்ச்சேர ஒரு மெனு ஃபார்ம் நீங்களே அமைக்க வேண்டும். விபிஏ கோடில் (ஆக்சஸுக்குள் எழுதும் நிரல்) பிழையைக் கையாளாமல் விட்டிருந்தால், ரன்டைம் அப்படியே மூடிக்கொள்ளும். முன்கூட்டியே சோதிக்க, ஒரு பிரதியின் பின்னொட்டை ஏசிசிடிஆர் (.accdr) என்று மாற்றி முழு ஆக்சஸிலேயே திறந்து பாருங்கள்.

வாங்குமுன் இரண்டைக் கவனியுங்கள். மேக் கம்ப்யூட்டருக்கு ஆக்சஸே கிடையாது. 32 பிட்டில் தயாரித்த ஏசிசிடிஇ ஃபைல் (வடிவமைப்பை மாற்ற முடியாதபடி பூட்டிய ஆக்சஸ் ஃபைல், .accde) 64 பிட் ஆக்சஸில் திறக்காது. எட்டுக் கம்ப்யூட்டரிலும் ஒரே பிட் இருக்கட்டும்.

கேள்வி: சர்வருக்குப் பதில் ஒரு சாதாரண விண்டோஸ் 11 கம்ப்யூட்டரை வைக்கலாமா?

பதில்: எட்டுப் பேருக்குத் தாராளமாக. ஒரே நேரத்தில் 20 கருவிகள் வரை இணையலாம். ஸ்லீப் மோடை அணைத்துவிடுங்கள். நடுவே அது தூங்கினால் ஃபைல் பழுதாகும். அந்தக் கம்ப்யூட்டரில் வேறு யாரும் உட்கார்ந்து வேலை பார்க்காமல் இருப்பது உத்தமம்.

கேள்வி: வீட்டிலிருந்தும் இருவர் பதிய வேண்டும். பேக் எண்டை ஒன்டிரைவில் வைத்தால் போதுமா?

பதில்: கூடவே கூடாது. ஒன்டிரைவ் முழு ஃபைலையும் பிரதி எடுத்து ஒத்திசைக்கும் ஏற்பாடு. அதற்கு ஆக்சஸின் பூட்டு புரியாது. இருவர் எழுதினால் இரண்டு ஃபைல்கள்தான் மிஞ்சும். விபிஎன் (இணையம் வழியே அலுவலக நெட்வொர்க்கில் சேரும் பாதுகாப்பான இணைப்பு) வழியாக நேரே திறப்பதும் அப்படித்தான்: நடுவில் ஒரு நொடி துண்டித்தால் பாதி எழுதிய பக்கத்தோடு நிற்கும். அலுவலகத்திலேயே வைஃபையில் திறப்பவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு, கேபிள் போடுங்கள்.

இரண்டு வழிகள் உண்டு. அவர்களுக்கென அலுவலகத்தில் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் இருந்தால், விண்டோஸ் ப்ரோ போட்டு, விபிஎன் வழியாக, தொலைவிலிருந்தே ஒரு கம்ப்யூட்டரை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பில் அதற்குள் வந்து வேலை செய்யலாம். வீட்டுக்குத் திரையின் படம் மட்டுமே போகும். விண்டோஸ் ப்ரோவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் வர முடியும். ஒரே சர்வரில் பலர் வர, விண்டோஸ் சர்வரோடு ரிமோட் டெஸ்க்டாப் லைசென்ஸும் தனியாக வாங்க வேண்டும். விற்பவர்கள் இதைக் கடைசியில்தான் சொல்வார்கள்.

மற்றது, டேபிள்களை மட்டும் மைக்ரோசாஃப்ட்டின் டேட்டாபேஸ் சர்வர் மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸுக்கு மாற்றுவது. மென்பொருள் இலவசம், 2022 பதிப்பில் ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபி வரை இடம். ஆக்சஸ் ஃபைலுக்கோ 2 ஜிபிதான் உச்சவரம்பு. மைக்ரோசாஃப்ட்டின் இலவச மைக்ரேஷன் அசிஸ்டென்ட் டேபிள்களை மாற்றித் தரும்; ஃபார்ம்கள் பெரும்பாலும் அப்படியே ஓடும். இணைப்பு அறுந்தாலும் ஃபைல் பழுதாகாது, ஏனெனில் எழுதும் வேலை முழுவதும் சர்வரிடம் போய்விடுகிறது. நல்ல சர்வர் வாங்குவதற்கு அர்த்தம் வருவது அப்போதுதான்.

கேள்வி: ஆக்சஸ் போன்ற லிப்ரே ஆஃபிஸ் பேஸ் இலவசமாயிற்றே, அதையே வைத்துக்கொள்ளலாமா?

பதில்: அதன் ஓடிபி (.odb) ஃபைலுக்குள்ளேயே இருக்கும் டேட்டாபேஸ் ஒருவருக்கு மட்டும்தான். பலர் பயன்படுத்த, பின்னால் மரியாடிபி அல்லது போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் சர்வர் மென்பொருளை நிறுவி அதனோடு பேஸை இணைக்க வேண்டும். அதை நிறுவிப் பராமரிக்க ஆள் இருந்தால் செய்யலாம்.