முன்பின் அறியாத மலையில் எல்க் வேட்டை

கேள்வி: டெக்சஸில் வசிக்கும் என் பெரியப்பா மகன், அடுத்த ஆண்டு அக்டோபரில் கொலராடோ மலைப்பகுதிக்கு எல்க் மான் வேட்டைக்குச் செல்லலாம் என்று அழைக்கிறார். அண்ணன் டெக்சஸில் மான் வேட்டையில் பழகியவர். ஆனால் கொலராடோவை அவரும் பார்த்ததில்லை. சிங்கப்பூரில் தேசிய சேவை எனப்படும் கட்டாய ராணுவப் பயிற்சியில் சுட்டதைத் தவிர எனக்கு வேறு அனுபவம் இல்லை. நாங்கள் எங்கிருந்து தொடங்குவது?
– செங்காங் வாசகர்

பதில்: எந்தத் துப்பாக்கி, எந்தக் கூடாரம் என்று பேசத் தொடங்குமுன் அண்ணனும் நீங்களும் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். வளர்ந்த ஆண் எல்க் ஏறத்தாழ 300 கிலோ எடை இருக்கும். எலும்பை நீக்கிய பிறகும் 90 கிலோ அளவுக்கு இறைச்சி தேறும். அதை இருவரும் முதுகில் சுமந்துதான் சாலைக்குக் கொண்டுவர வேண்டும். ஆளுக்கு இரண்டு நடை என்றாலும் ஒவ்வொரு முறையும் 20 கிலோவுக்கு மேல் சுமக்க நேரிடும். மான் விழுந்த இடம் சாலையிலிருந்து 3 கிலோமீட்டரில் இருந்தால், காற்று மெலிந்த மலைச்சரிவில் அது ஒரு முழு நாள் வேலை. உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டிலேயே விட்டுவிடுவது கொலராடோவில் குற்றம். அதைவிட, ஓர் உயிரைக் கொன்றுவிட்டு அதை அழுகவிடுவது எந்த வேட்டைக்காரரும் செய்யக் கூடாத செயல். ஆகவே, எவ்வளவு தூரத்திலிருந்து சுமந்து வர முடியுமோ அவ்வளவு தூரத்துக்குள் மட்டுமே தேடுவது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். மற்ற முடிவுகளெல்லாம் அதிலிருந்து பிறக்கட்டும்.

அடுத்தது உரிமம். அக்டோபர் பயணத்துக்கான வேலை அதே ஆண்டின் தொடக்கத்திலேயே ஆரம்பமாகிவிடுகிறது. உரிமங்களை ஒதுக்கும் கொலராடோவின் முதன்மைக் குலுக்கலுக்கு ஏப்ரல் முதல் வாரத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வயோமிங் மாநிலத்தில் வெளிமாநிலத்தாருக்கான எல்க் விண்ணப்பம் பிப்ரவரித் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். அண்ணன் அமெரிக்கவாசியாக இருந்தாலும் கொலராடோவுக்கு அவரும் வெளியூரார்தான். ஆண் எல்க் உரிமத்துக்கு உங்கள் இருவருக்கும் ஆளுக்கு 800 அமெரிக்க வெள்ளிக்கு மேல் செலவாகும். 1949 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் இல்லாமல் அங்கே உரிமம் பெற முடியாது. பிற மாநிலங்களின் சான்றிதழையும் கொலராடோ ஏற்றுக்கொள்வதால், அண்ணனிடம் டெக்சஸ் சான்றிதழ் இருந்தால் அதுவே போதும். நீங்கள் புதிதாகப் பயில வேண்டும்.

விதிகளை நண்பர்கள் சொல்லக் கேட்டு நம்பிவிடாதீர்கள். எடுத்துக்காட்டாக, வெளிமாநிலத்தார் குலுக்கல் இன்றி நேரே கடையில் வாங்கிவந்த வில் வேட்டை உரிமம் மேற்குக் கொலராடோவில் 2025 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. பயணம் செல்லும் ஆண்டுக்கான கையேட்டை, கொலராடோ பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறையின் இணையத்தளத்தில் இருவரும் தனித்தனியே படித்து, பின்னர் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

வேட்டை எல்லையைத் தேர்ந்தெடுப்பதில்தான் அறியாத நிலத்தின் சிரமம் முழுவதும் இருக்கிறது. மாநிலம் எண்ணிட்ட எல்லைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. உரிமம் எந்த எல்லைக்கு, எந்தப் பருவத்துக்கு, ஆண் மானுக்கா பெண் மானுக்கா என்பதெல்லாம் அதிலேயே குறிக்கப்பட்டிருக்கும். ஒவ்வோர் எல்லையிலும் எத்தனை பேர் சென்றார்கள், எத்தனை பேருக்கு மான் கிடைத்தது என்ற விவரத்தை அத்துறையே ஆண்டுதோறும் வெளியிடுகிறது. மாநிலம் முழுமைக்கும் பார்த்தால் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கே எல்க் கிடைக்கிறது. வெற்றி விகிதம் உயர்ந்த எல்லைகளில் நிலம் பெரும்பாலும் தனியாருடையதாக இருக்கக்கூடும் என்பதால், அந்த ஓர் எண்ணை மட்டும் பார்த்து மயங்கிவிட வேண்டாம். தேசிய வனநிலம் மிகுந்த ஓர் எல்லையைத் தேர்ந்து, அதற்குள்ளும் சாலையிலிருந்து எட்டக்கூடிய மூன்று நான்கு பள்ளத்தாக்குகளை மட்டும் வரைபடத்தில் மனப்பாடம் ஆகும்வரை பாருங்கள். கொலராடோவில் தனியார் நிலத்துக்கு அறிவிப்புப் பலகை இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பலகை இல்லாவிட்டாலும் அனுமதியின்றி நுழைவது குற்றம். நில உடைமையைக் காட்டும் ஆன்எக்ஸ் போன்ற செயலியின் வரைபடங்களை, தொலைபேசித் தொடர்பு இல்லாமலும் பார்க்கும்படி முன்பே பதிவிறக்கிக்கொள்ளுங்கள்.

வரைபடத்தில் எதைத் தேடுவது? எல்க் அதிகாலையிலும் அந்தியிலும் புல்வெளிக்கு வந்து மேயும். பகலில் வடக்கு நோக்கிய சரிவின் அடர்ந்த மரநிழலில் படுத்திருக்கும். அதன் மோப்பம் மிகக் கூர்மையானது. விடியற்காலையில் குளிர்காற்று சரிவில் கீழிறங்கும். வெயில் ஏறியதும் அதே காற்று மேல்நோக்கி எழும். ஆகவே, காலையில் கீழிருந்து மேலே நெருங்கவும், வெயில் ஏறிய பிறகு மேலே நின்று கீழே பார்க்கவும் வழியுள்ள இடங்களைக் குறித்துவையுங்கள். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டவர், புதிய மலையிலும் பாதி உள்ளூராராகிவிடுவார் என்பது என் உறுதியான கருத்து.

உடலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நம் புக்கிட் தீமா குன்றின் உயரம் 163 மீட்டர்தான். கொலராடோவில் எல்க் உலவும் காடுகள் பெரும்பாலும் 2,500 முதல் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. அடுக்குமாடி வீட்டுப் படிக்கட்டுகளில் 20 கிலோ பையுடன் ஏறி இறங்கும் பயிற்சி கால்களை உறுதியாக்கும், ஆனால் மெலிந்த காற்றுக்கு உடலைப் பழக்காது. வேட்டை தொடங்குமுன் இரண்டு மூன்று நாள்களாவது மலையில் தங்குங்கள்; 14 மணி நேர வேறுபாட்டுக்கு உடல் பழகவும் அது உதவும். மலை நோயைத் தடுக்கும் அசெட்டசோலமைடு மாத்திரை உங்களுக்கு ஏற்றதா என்பதை மருத்துவரிடம் இங்கேயே கேட்டுவிடுங்கள். தலைவலியோடு வாந்தியோ தள்ளாட்டமோ வந்தால் உடனே கீழே இறங்க வேண்டும்.

தேசிய சேவையில் நீங்கள் சுட்ட எஸ்ஏஆர் 21 துப்பாக்கியின் தோட்டா 5.56 மில்லிமீட்டர். கொலராடோவில் எல்க் வேட்டைக்குக் குறைந்தது 0.24 அங்குலம், அதாவது ஏறத்தாழ 6.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள தோட்டா வேண்டும். ஆகவே வேறு துப்பாக்கியில் பழக வேண்டியிருக்கும். டெக்சஸில் அண்ணனோடு சில நாள்கள் சுட்டுப் பழகி, ஒவ்வொரு முறையும் தவறாமல் அடிக்க முடிந்த தூரத்தையே உங்கள் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். இடுப்புக்கு மேல் 500 சதுர அங்குல அளவுக்கு ஒளிரும் ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு ஆடையும் அதே நிறத் தொப்பியும் துப்பாக்கிப் பருவங்களில் கட்டாயம்.

கேள்வி: நான் இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் சிங்கப்பூர் நிரந்தரவாசி. அமெரிக்காவில் நண்பரின் துப்பாக்கியை நான் கையில் எடுக்கலாமா?
– ஜூரோங் வாசகர்

பதில்: சுற்றுலா விசாவில் நுழைபவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. ஆனால் அங்குள்ள மாநிலம் ஒன்று முறையாக வழங்கிய வேட்டை உரிமம் கையில் இருந்தால் விலக்கு உண்டு. அந்த உரிமம் கிடைக்கும்வரை, பயிற்சிக்காகக்கூடத் துப்பாக்கியைத் தொடாதீர்கள். விசா விலக்குத் திட்டத்தின்கீழ் செல்லும் சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு இந்தத் தடை பொருந்தாது.

கேள்வி: என் கணவரும் இப்படி ஒரு பயணம் செல்கிறார். இறைச்சியையும் கொம்பையும் வீட்டுக்குக் கொண்டுவர முடியுமா?
– தெம்பனிஸ் வாசகி

பதில்: இறைச்சி அங்குள்ள உறவினர் வீட்டிலேயே இருக்கட்டும். வெளிநாட்டு இறைச்சிக்குச் சிங்கப்பூர் உணவு அமைப்பு வகுத்துள்ள கட்டுப்பாடுகளுக்குள் வேட்டை இறைச்சியைக் கொண்டுவர முயல வேண்டாம். கொலராடோ மான்களிடையே மூளையைச் சிதைக்கும் குரோனிக் வேஸ்டிங் டிசீஸ் என்ற நோயும் பரவியிருக்கிறது. அது மனிதரைத் தொற்றியதாக இதுவரை உறுதியாகவில்லை என்றாலும், நோயுற்ற மானின் இறைச்சியை உண்ண வேண்டாம் என்றே அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் அறிவுறுத்துகிறது. அதனால் மானின் தலையைப் பரிசோதனைக்குக் கொடுத்து, முடிவு வந்த பிறகே சமைக்கச் சொல்லுங்கள். மூளையும் முதுகெலும்பும் நீக்கப்படாத உடலை எல்லைக்குள் கொண்டுவரப் பல மாநிலங்கள் அனுமதிப்பதில்லை என்பதையும் அவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

கொம்பு வேண்டுமானால், உங்கள் கணவர் புறப்படுமுன்பே தேசியப் பூங்காக் கழகத்திடம் அனுமதி குறித்து எழுதிக் கேளுங்கள்.

இவை இரண்டையும்விட என்னை அதிகம் கவலைப்படுத்துவது சுட்டுமுடித்த தோட்டாவின் வெற்று உறை. நினைவுப் பொருளாக ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வது அங்கே சாதாரணம்; உரிமமின்றி அதைச் சிங்கப்பூருக்குள் கொண்டுவருவது குற்றம். தேசிய சேவையில் சுடுதளத்திலிருந்து வெளியேறும் ஒவ்வொரு முறையும் வெற்று உறை எதுவும் தம்மிடம் இல்லை என்று உரக்கச் சொல்லிப் பழகியவர்களும், விடுமுறைக் களிப்பில் இதை மறந்துவிடக்கூடும். வேட்டைக்கு அணிந்த மேலங்கி, கால்சட்டை, முதுகுப்பை ஆகியவற்றின் எல்லாப் பைகளையும் விமான நிலையத்துக்குப் புறப்படுமுன் வெளியே இழுத்து உதறிப் பார்க்கும்படி உங்கள் கணவரிடம் சொல்லியனுப்புங்கள்.