எல்லா நிலமும் காடாக வேண்டுமா? – உலகின் பல்லுயிர்த் தொகுதிகள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: மகளின் பாடநூலில் ஓர் எண்ணிக்கையும் போட்டித் தேர்வுக் கையேட்டில் வேறோர் எண்ணிக்கையும் உள்ளன. பயோம் எனப்படும் பல்லுயிர்த் தொகுதிகள் மொத்தம் எத்தனை?

பதில்: ஒரே மாதிரித் தட்பவெப்பமும் உயிரினங்களும் கொண்ட பெரும்பரப்பையே பயோம் என்கிறோம். பிரிப்பவரின் தேவையைப் பொறுத்து எண்ணிக்கை மாறும். உலக இயற்கை நிதியத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட பகுப்பில் நிலத்துக்கு மட்டுமே 14 தொகுதிகள் உண்டு. பள்ளி நூல்கள் ஐந்தாறோடு நிறுத்திக்கொள்கின்றன. எண்ணிக்கையைவிட அடிப்படையே முக்கியம். ஓரிடத்தின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையும் மழையளவும் தெரிந்தால், அங்கே மழைக்காடு வளருமா, புல்வெளி பரவுமா, மரமற்ற குளிர்நிலமான தூந்திரமாக இருக்குமா என்பதைப் பெருமளவு கணித்துவிடலாம் என்பதை அமெரிக்கச் சூழலியலாளர் ராபர்ட் விட்டேக்கர் ஒரே வரைபடத்தில் காட்டினார். தேர்வில் மட்டும் பாடநூல் சொல்லும் எண்ணையே எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: அமேசான் காடு அவ்வளவு செழிப்பாக இருக்கிறதே, அதை அழித்துப் பயிரிடுவோரின் நிலம் ஏன் சில ஆண்டுகளிலேயே பலனற்றுப் போகிறது?

பதில்: அந்தச் செழிப்பு மண்ணில் இல்லை, மரங்களில் இருக்கிறது. ஆண்டுக்கு 2,000 மி.மீ.க்கும் மேல் பெய்யும் மழை பல லட்சம் ஆண்டுகளாக மண்ணின் சத்துகளைக் கரைத்துக் கொண்டுபோய்விட்டது. எஞ்சியிருப்பது பெரும்பாலும் இரும்பும் அலுமினியமும் மிகுந்த செம்மண். தரையில் கிடக்கும் சருகைக் கையால் விலக்கிப் பார்த்தால், மெல்லிய வேர்கள் மேல்நோக்கி வளர்ந்து சருகுக்குள்ளேயே புகுந்திருப்பதையும், அவற்றோடு பூஞ்சையின் வெள்ளை இழைகள் பின்னிக் கிடப்பதையும் காணலாம். விழுந்த இலை மட்கியவுடன், அதன் சத்து மழையில் கரைந்தோடும் முன்பே, வேர்கள் அதை மீட்டுக்கொள்கின்றன. மரத்தை வெட்டி எரித்தால் சாம்பல் சில அறுவடைகளுக்கு உரமாகும், அதன்பின் ஒன்றுமில்லை. போதாக்குறைக்கு, அமேசான் ஆண்டுதோறும் இழக்கும் பாஸ்பரசின் ஒரு பகுதியை ஈடுசெய்வது அட்லாண்டிக்கைக் கடந்துவரும் சஹாராத் தூசிதான். எனினும் வெப்பமண்டல மண் எல்லாமே இப்படி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஜாவாத் தீவின் எரிமலை மண் நூற்றாண்டுகளாக நெல் விளைவித்து வருகிறது.

கேள்வி: அண்டார்க்டிகாவைப் பாலைவனம் என்கிறார்களே, பனிக்குப் பஞ்சமில்லையே?

பதில்: கிடக்கும் பனியை அல்ல, ஆண்டுதோறும் பொழிவதைக் கணக்கிட வேண்டும். உட்பகுதியில் விழும் பனியை உருக்கினால் பெரும்பாலான இடங்களில் 50 மி.மீ. நீர்கூடத் தேறாது. அந்த அளவுகோலில் உலகின் மிகப் பெரிய பாலைவனம் அண்டார்க்டிகாவே; சஹாரா வெப்பப் பாலைவனங்களில்தான் முதலிடம் பெறுகிறது.

கேள்வி: எங்கள் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டக் குழு மலைப்புல்வெளிகளில் மரம் நட விரும்புகிறது. வெற்றிடம் காடானால் நல்லதுதானே?

பதில்: தயவுசெய்து வேண்டாம். புல்வெளியை வெற்றிடமாகக் கருதுவது காலனிய வனத்துறையிடமிருந்து நமக்கு வந்த பழக்கம். நீலகிரியில் சோலைக்காடு பள்ளத்தாக்குகளிலும் புல்வெளி சரிவுகளிலும் அமைந்ததற்கு ஒரு முக்கியக் காரணம், குளிர்காலத்து உறைபனி திறந்த வெளியில் முளைக்கும் சோலைமரக் கன்றுகளைக் கருக்கிவிடுவதே. பழந்தாவர எச்சங்கள் தங்கிய அங்குள்ள கரிச்சேற்றுப் படிவுகளை ஆராய்ந்தபோது, புல்வெளி மனிதர் காடழித்ததால் வந்ததன்று, 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கிருந்தது என்பது தெரியவந்தது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்ட சீகையும் (வாட்டில் மரம்) தைலமரமும் அந்தச் சரிவுகளை மூடியதால் வரையாடு தன் மேய்ச்சல் நிலத்தை இழந்தது.

மழை நடுத்தரமாகப் பெய்யும் இடங்களில் மரமா புல்லா என்பதைத் தீயும் மேய்ச்சலும் சேர்ந்தே முடிவுசெய்கின்றன. தான்சானியாவின் செரங்கெட்டியில் 1960களில், மாடுகளையும் வில்டபீஸ்டையும் தாக்கும் வெக்கை நோய் ஒழிந்ததும் வில்டபீஸ்ட் மான்கள் சுமார் இரண்டரை லட்சத்திலிருந்து பத்து லட்சத்தைத் தாண்டிப் பெருகின. அவை புல்லை மேய்ந்து தீர்த்ததால் காட்டுத்தீக்கு எரிபொருள் குறைந்தது. தீ குறைந்ததால் மரங்கள் பெருகின. மாட்டுக்கு வரும் ஒரு நோய் போனதில் மரம் கூடியது என்றால் மாணவர்கள் எளிதில் நம்பமாட்டார்கள், ஆனால் நடந்தது அதுதான். உங்கள் குழுவுக்கு உழைக்க விருப்பமிருந்தால், வனத்துறையின் அனுமதியோடு சீகைக் கன்றுகளைப் பிடுங்கலாம்.

கேள்வி: வடகோளத்தின் ஊசியிலைக் காடான தைகா முடிந்து தூந்திரம் தொடங்கும் எல்லை எது?

பதில்: ஆண்டின் மிக வெப்பமான மாதத்தின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 10 பாகை செல்சியசுக்குக் கீழே போகும் இடத்தில் மரங்கள் நின்றுவிடுகின்றன. குளிர்காலக் கடுமையைவிடக் கோடையின் குறுக்கமே மரத்தைத் தடுக்கிறது. சைபீரியாவின் லார்ச் மரம் நிரந்தர உறைமண்ணின் மேலும் வளரும். ஊசியிலை மரமாயினும் அது குளிர்காலத்தில் இலையுதிர்க்கும்.

கேள்வி: கடலுக்கு மழையும் வெயிலும் பொருட்டில்லையே, அதை எப்படிப் பிரிக்கிறார்கள்?

பதில்: வெயில் பொருட்டுதான். ஒளிச்சேர்க்கைக்குப் போதுமான ஒளி அதிகபட்சம் 200 மீட்டர் ஆழம் வரையே எட்டும். ஆனால் ஒளி மட்டும் போதாது, சத்தும் வேண்டும். அது ஆழத்தில் தங்கிவிடுகிறது. அதனால்தான் வெப்பமண்டல நடுக்கடலின் பளிங்கு போன்ற நீலநிறம் உண்மையில் வறுமையின் அடையாளம். பெரு நாட்டுக் கரையோரத்தில் காற்று மேல்நீரை விலக்க, குளிர்ந்த ஆழ்நீர் சத்தோடு மேலெழுகிறது. உலகின் மிகப் பெரிய நெத்திலி மீன்பிடிப்பு அங்கே நடப்பது அதனால்தான். அதே குளிர்நீர் கரைக்காற்றையும் குளிர்வித்து மழை மேகம் எழாமல் தடுப்பதால், மீன் கொழிக்கும் அந்தக் கடலை ஒட்டியே பெருவின் வறண்ட பாலை நீள்கிறது. ஒளியே எட்டாத ஆழத்திலும் விதிவிலக்கு உண்டு: 1977இல் கலாபகோஸ் அருகே, கடலடி வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி, ஹைட்ரஜன் சல்பைடிலிருந்து ஆற்றல் பெறும் பாக்டீரியாவை நம்பி வாழும் உயிரினங்கள் கண்டறியப்பட்டன.

கேள்வி: பிச்சாவரம் போன்ற அலையாத்திக் காடுகள் நிலத்தில் சேருமா, நீரில் சேருமா?

பதில்: மேற்சொன்ன 14 நிலத் தொகுதிகளில் அலையாத்திக்கும் தனி இடம் உண்டு, கழிமுகங்களை ஆய்வோர் அதை நீரோடு சேர்ப்பார்கள். நீர் வடிந்த வேளையில் வெண்கண்டல் மரத்தடியைப் பார்த்தால், காற்றுப் புகாத சேற்றைத் துளைத்து விரல் தடிமனில் மூச்சுவேர்கள் நூற்றுக்கணக்கில் நிற்பது தெரியும். நீர் ஏறும்போது அவை மூழ்கிவிடும். தாவரவியல் படிப்பவர் நிலம் என்று எழுதலாம், மீன்வளம் படிப்பவர் நீர் என்று எழுதலாம். இருவருக்கும் மதிப்பெண் தருவேன்.