ஸ்டிக்கரை விடுங்கள், குழாயை அளந்து பாருங்கள்

போன இதழில் ஒரு வாசகருக்கு, "பழைய இத்தாலிய எஃகு ஃபிரேம் நல்ல விலைக்குக் கிடைத்தால் விடாதீர்கள்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். அதைப் பிடித்துக்கொண்டு கடிதங்கள் வந்துவிட்டன. அதனால் இந்தத் தடவை முழுக்க எஃகு ஃபிரேம்தான், கார்பன்காரர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

கே: நண்பர் ஒருவரிடம் 1980களில் வந்த இங்கிலாந்து ஃபிரேம் இருக்கிறது, ரெனால்ட்ஸ் கம்பெனியின் 531 எஃகுக் குழாய். இன்னொருவரிடம் அதே கம்பெனியின் 853. முதலாவது மென்மையாக ஓடுகிறது, இரண்டாவது விறைப்பு. நானும் இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டேன், உண்மைதான். அப்படியானால் 531 மென்மையான எஃகா சார்?
— வாசகர், கோயம்புத்தூர்

ப: நீங்கள் உணர்ந்தது சரி, காரணம்தான் வேறு. 1935இல் வந்த 531 ஆகட்டும், 1990களில் வந்த 853 ஆகட்டும், ஏன், உங்கள் வீட்டு கேட்டில் இருக்கும் குழாயே ஆகட்டும், விட்டமும் சுவர்த் தடிமனும் ஒன்றாக இருந்தால் ஒரே பாரத்துக்கு ஏறக்குறைய ஒரே அளவுதான் வளையும். எஃகின் குணம் அப்படி. அதில் மாங்கனீசு, மாலிப்டினம், குரோமியம் என்று சேர்ப்பதும், சூடுபடுத்திப் பதப்படுத்துவதும் வளைவை மாற்றுவதில்லை. எவ்வளவு வளைத்தால் திரும்ப நிமிராமல் மடங்கிப்போகும், எத்தனை லட்சம் தடவை ஆட்டினால் விரிசல் விடும் என்பதைத்தான் மாற்றுகின்றன. அதாவது கலவை கொடுப்பது உறுதி. விறைப்பு வருவது அளவிலிருந்து.

ஒரு வெர்னியர் எடுத்துக்கொண்டு போய் நண்பர்களின் சைக்கிள்களை அளந்து பாருங்கள். பழைய 531இல் மேல் குழாய், சின்ன வயதில் நம்மை உட்கார வைத்துக் கூட்டிப்போவார்களே அந்தப் 'பார்', 25.4 மி.மீ. இருக்கும். கீழ்க் குழாய் 28.6 இருக்கும். 853இல் அநேகமாக 28.6, 31.8 என்று ஒரு படி ஏறியிருக்கும். கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம், மூன்று மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் மெல்லிய குழாயின் விறைப்பு விட்டத்தின் மூன்றாம் படியோடு (விட்டம் × விட்டம் × விட்டம்) ஏறுகிறது, சுவர்த் தடிமனோடு வெறும் நேர்விகிதத்தில்தான் ஏறுகிறது. 28.6லிருந்து 31.8க்குப் போனால், சுவர் அதேதான் என்றால், எடை 11 சதவீதம் கூடும், விறைப்போ 37 சதவீதம் கூடும். உங்கள் காலுக்குத் தெரிந்தது இந்த 37தான்.

853 செய்கிறவர்கள் ஏன் விட்டத்தைக் கூட்டுகிறார்கள் என்றால், உறுதி அதிகம் இருப்பதால் சுவரை இளைக்கலாம், நடுவில் 0.5 மி.மீ. வரைக்கும், சிலவற்றில் அதற்கும் கீழே. இளைத்தால் வளைவு கூடும். கூடிய வளைவை விட்டத்தைப் பெருக்கி ஈடுகட்டுகிறார்கள். ஆக விலை உயர்ந்த எஃகு உங்களுக்கு வாங்கித் தருவது எடைக் குறைவு, வேண்டுமானால் அதோடு கொஞ்சம் விறைப்பு. மென்மை வேண்டும் என்று சொல்லி விலை உயர்ந்த குழாயின் பெயர் போட்ட ஸ்டிக்கரைத் தேடுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன், தேடுகிற இடமே தப்பு.

கே: அப்படியானால் "இந்தக் குழாய் உயிரோட்டமானது, அந்தக் குழாய் செத்தது" என்று ஆர்வலர்கள் பேசுவதெல்லாம் மனப்பிரமையா?
— வாசகர், வேளச்சேரி

ப: பாதி பிரமை, பாதி உண்மை. எந்தப் பாதி எது என்பதில்தான் சண்டையே.

1990களில் அமெரிக்காவில் ஒரு சைக்கிள் பத்திரிகை இதைச் சோதித்துப் பார்த்தது. அன்தோனியோ மோன்தோனிகோ என்ற இத்தாலிய ஃபிரேம் ஆசாரியிடம் ஏழு ஃபிரேம் கட்டச் சொன்னார்கள். ஏழும் ஒரே கை வேலை, ஒரே அளவு, பார்வைக்கும் ஒன்று போலவே. குழாய் மட்டும் வேறு, எல்லாம் மிலான் கொலம்பஸ் கம்பெனியின் சரக்கு, மலிவு ரகத்திலிருந்து உச்ச ரகம் வரை. எதில் எந்தக் குழாய் என்று ஓட்டிய நிருபருக்குச் சொல்லவில்லை. கடைசியில் அவர் எழுதியது, பெரிய வித்தியாசம் ஒன்றும் சொல்ல முடியவில்லை என்று. ஸ்டிக்கர் பக்தர்களுக்கு அந்தக் கட்டுரை இன்றைக்கும் கசப்பு மருந்து.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. சியாட்டிலிலிருந்து வரும் ஒரு சைக்கிள் காலாண்டிதழ் பின்னால் இதே மாதிரி, எதில் எந்தக் குழாய் என்று சொல்லாமல் ஒரு சோதனை நடத்தியது. இந்தத் தடவை வித்தியாசப்படுத்தியது பெயரை அல்ல, சுவர்த் தடிமனை. நடுவில் 0.6 மி.மீ. உள்ள குழாய் ஒரு பக்கம், 0.4 உள்ளது இன்னொரு பக்கம். ஓட்டிய சிலரால் கண்டுபிடிக்க முடிந்தது, அது மட்டுமில்லை, மெல்லிய குழாயில் அவர்கள் கூடுதல் சக்தியோடு மிதித்ததும் பதிவானது. ஓட்டியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான், அதை வைத்து உலகத்துக்கே சட்டம் போட முடியாது. இருந்தாலும் இரண்டு சோதனைகளையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் புரிவது இதுதான்: கலவையின் பெயரை உடம்பால் கண்டுபிடிக்க முடியாது, விட்டத்திலும் சுவரிலும் போதுமான அளவு மாற்றம் இருந்தால் கண்டுபிடிக்க முடியும்.

எந்த வளைவு பிடிக்கும் என்பது ஆளைப் பொறுத்தது. 58 கிலோ ஆள் நிதானமாக, ஒரே தாளத்தில் மிதித்து ஏற்றம் ஏறுகிறவர் என்றால் பழைய மெல்லிய குழாய் அவரோடு சேர்ந்து அசைகிற மாதிரி இருக்கும். 90 கிலோ ஆள் எழுந்து நின்று ஸ்பிரிண்ட் அடித்தால் அதே ஃபிரேமில் செயின் முன் டெரெய்லியரில் (செயினைப் பல்சக்கரம் மாற்றும் கருவி) உரசும், பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு சுழலும் இடம்) இரண்டு பக்கமும் ஊஞ்சலாடும். கொலம்பஸே அந்தக் காலத்தில் சராசரி ஆளுக்கு எஸ்எல், உயரமான, கனமான ஆளுக்கு எஸ்பி என்று இரண்டு வைத்திருந்தது. எஸ்எல் சுவர் முனைகளில் 0.9, நடுவில் 0.6. எஸ்பி 1.0, 0.7. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அவ்வளவுதான், ஆனால் அவர்கள் வெட்டிக்குச் செய்யவில்லை.

கே: எஃகு மேடு பள்ளத்தை உறிஞ்சும், அலுமினியம் எலும்பை உடைக்கும். சரியா?
— வாசகர், திருச்சி

ப: முக்கோணமாகக் கட்டிய ஃபிரேம் மேலும் கீழுமாக அமுங்குவது மில்லிமீட்டரில் ஒரு பங்கு, எந்த உலோகமானாலும். 28 மி.மீ. டயர் சரியான காற்றில் நாலு மில்லிமீட்டர் அமுங்குகிறது. எலும்பு பிழைப்பது எதனால் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 70 கிலோ ஆள் 28 டயரில் 120 பிஎஸ்ஐ அடித்துக்கொண்டு ஃபிரேமைத் திட்டுவதை நிறுத்த வேண்டும், 70 - 80 போதும். எஃகு ஃபிரேமில் கொஞ்சம் சுகம் கூடுதலாகத் தெரிந்தால் அதில் பெரும்பங்கு அதன் மெல்லிய, முன்னோக்கி வளைந்த எஃகு ஃபோர்க்குக்கு, அதாவது முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவைக்கு, போக வேண்டியது. அதைக் கழற்றிவிட்டுத் தடித்த கார்பன் ஃபோர்க் மாட்டிய நண்பர்கள், "முன்ன மாதிரி இல்லையே" என்கிறார்கள். எப்படி இருக்கும்?

கே: பழைய கடையில் ஒரு ரேஸ் ஃபிரேம் பார்த்தேன். பெயின்ட் மறு பூச்சு, ஸ்டிக்கர் எதுவும் இல்லை. நல்ல குழாயா சாதாரணக் குழாயா என்று எப்படித் தெரிந்துகொள்வது அண்ணா?
— வாசகர், மதுரை

ப: முதலில் சீட் போஸ்டை உருவுங்கள். உருவ வரவில்லை என்றால் அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள், எஃகுக் குழாய்க்குள் பிடித்துக்கொண்ட அலுமினியப் போஸ்டைக் கழற்றும் செலவு ஃபிரேம் விலையைத் தாண்டிவிடும். வந்தால், அதன் கழுத்தில் ஒரு எண் பொறித்திருக்கும். 27.2 என்றால் சந்தோஷப்படலாம். சீட் குழாயின் வெளி விட்டம் 28.6, உள்ளே 27.2 போஸ்ட் நுழைகிறது என்றால் சுவர் 0.6, 0.7தான் இருக்க முடியும். அது நல்ல குழாய். 27.0 இருந்தாலும் மோசமில்லை. 26க்குக் கீழே, 25.4 என்றெல்லாம் இருந்தால் சுவர் தடிமன், சாதாரண எஃகு, ஸ்டிக்கரில் யார் பெயர் ஒட்டியிருந்தாலும் சரி. ஒன்று, பழைய பிரெஞ்சு ஃபிரேம்களில் அளவுகளே வேறு, அங்கே இந்தக் கணக்கு செல்லாது.

அடுத்து விரல் நகத்தால் குழாயின் நடுவில் சுண்டுங்கள், அப்படியே முனைப் பக்கம் நகர்ந்து சுண்டுங்கள். நடுவில் கணீர் என்றும் முனையில் மொத்தென்றும் ஒலி மாறினால், உள்ளே முனைகள் தடித்து நடு இளைத்த குழாய். 1897இலேயே பர்மிங்காமில் ரெனால்ட்ஸ் குடும்பம் காப்புரிமை வாங்கிய வித்தை இது. வெளியே ஒரே விட்டம், இணைப்பு வெப்பம் படுகிற இடத்தில் மட்டும் சுவர் தடிப்பு.

கடைசியாக, இதுதான் முக்கியம், தலைக் குழாய்க்குப் பின்னால் மேல், கீழ்க் குழாய்களின் அடிப்புறத்தில் கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டுங்கள். லக் (குழாய்கள் சேரும் இடத்து உறை) முடிகிற இடத்திலிருந்து ஒன்றிரண்டு அங்குலத்தில் ஒரு மெல்லிய சுருக்கம், அலை மாதிரி தட்டுப்பட்டால் வண்டி எதிலோ நேராக மோதியிருக்கிறது. புது பெயின்ட் கண்ணை ஏமாற்றும், விரலை ஏமாற்றாது.

கே: 531ஆ, கொலம்பஸ் எஸ்எல்லா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.
— வாசகர், சேலம்

ப: சைஸ்.

கே: கார்பன் ஃபிரேம் ஒரு கிலோதான். எஃகில் எவ்வளவு செலவு செய்தாலும் ஒன்றரைக்குக் கீழே வருவது கஷ்டம். எதற்கு இந்த வீம்பு?
— வாசகர், பெங்களூரு

ப: வீம்புதான், ஒத்துக்கொள்கிறேன். பழைய எஸ்எல், 531 ஃபிரேம்கள் இரண்டு கிலோவை ஒட்டி வரும், இன்றைய மெல்லிய எஃகு ஒன்றரையிலிருந்து ஒன்றேமுக்கால். ஆளும் வண்டியும் தண்ணீரும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோ குறைந்தால் ஒரு மணி நேர ஏற்றத்தில் முக்கால் நிமிஷம் மிச்சம். அந்த முக்கால் நிமிஷம் உங்களுக்குப் பரிசு வாங்கித் தரும் என்றால் கார்பன் வாங்குங்கள். எஃகிலும் எடை குறைக்கத் தெரியும் என்பதற்கு 1972இல் மெக்சிகோ சிட்டியில் எடி மெர்க்ஸ் ஒரு மணி நேர சாதனை படைத்த வண்டியே சாட்சி. கோல்னாகோ கட்டியது, கொலம்பஸ் குழாய், முழு சைக்கிளும் ஆறு கிலோவுக்குள். அதில் அவர் 49.431 கி.மீ. ஓட்டினார். கியர் இல்லை, பிரேக் இல்லை, அது வேறு விஷயம்.

கே: ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது 50 கி.மீ. வேகத்தில் ஹேண்டில் படபடவென்று நடுங்க ஆரம்பித்து உயிர் போய் வந்தது. 60 செ.மீ. எஃகு ஃபிரேம். குழாய் மோசமா?
— வாசகர், ஈரோடு

ப: உயரமான ஃபிரேம், நீண்ட ஒல்லியான மேல் குழாய், கீழே இறங்கும்போது உடம்பில் குளிர், கை இறுக்கம். இந்த நாலும் சேர்ந்தால் நடுக்கம் வர வாய்ப்பு அதிகம். விட்டம் 25.4 உள்ள மேல் குழாய் பெரிய ஃபிரேமில் முறுக்கத்துக்கு இளகிக் கொடுக்கும், அதில் ஐயமில்லை. மறுபடி வந்தால் ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காதீர்கள், இரண்டு முழங்காலையும் மேல் குழாயில் ஒட்டி அழுத்துங்கள், சீட்டிலிருந்து எடையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு இரண்டு பிரேக்கையும் நிதானமாகப் பிடியுங்கள். காலை ஒட்டியதுமே பெரும்பாலும் அடங்கிவிடும். வீட்டுக்கு வந்ததும் ஹெட்செட் (தலைக் குழாயில் ஹேண்டில் திரும்பும் பேரிங்) தளர்ந்திருக்கிறதா, முன் சக்கரம் நெளிந்திருக்கிறதா, டயர் விளிம்பில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள், அப்புறம் குழாயைக் குறை சொல்லலாம்.

கே: ரெனால்ட்ஸுக்கும் நம் அம்பத்தூருக்கும் ஏதோ உறவு என்கிறார்களே?
— வாசகர், ஆவடி

ப: உண்டு, பங்காளி உறவு. 1928இல் ரெனால்ட்ஸ் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமத்துக்குள் போனது. அதே குழுமத்தோடு சேர்ந்துதான் 1949இல் முருகப்பா குடும்பம் இங்கே டிஐ சைக்கிள்ஸ் ஆரம்பித்தது. ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ எல்லாம் அப்படி வந்தவை. அந்த டிஐ என்ற எழுத்தைத்தான் டிஐ-ராலே அணியின் பெயரிலும் பார்க்கிறீர்கள், 1980இல் யூப் ஸூட்டமெல்க் டூர் டி பிரான்ஸ் ஜெயித்தது அந்த அணிக்காக, ரெனால்ட்ஸ் 753 குழாயில். 753 எவ்வளவு மெல்லிசு என்றால், அதைக் கண்டவருக்கெல்லாம் விற்கவில்லை. மாதிரி இணைப்பு ஒன்றைப் பற்றவைத்து அனுப்பி, அதை ரெனால்ட்ஸ் சோதித்துப் பார்த்துத் தேர்வான ஆசாரிகளுக்குத்தான் குழாய் போனது. பித்தளைப் பற்றின் சூடு அதற்கு ஆகாது, வெள்ளிப் பற்றுதான். அதற்காக நம் ஊர் ரோட்ஸ்டரை 753இன் தம்பி என்று பெருமை பேசவும் வேண்டாம்.

கே: புதுச்சேரியில் கடலுக்கு ஒரு கிலோமீட்டரில் இருக்கிறேன். எஃகு ஃபிரேம் வாங்கினால் துருப்பிடித்தே போய்விடும் என்று கடைக்காரர் பயமுறுத்துகிறார்.
— வாசகர், புதுச்சேரி

ப: வெளியே வருகிற துருவைக் கண்டு பயப்பட வேண்டாம், அது தெரியும், உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பெயின்ட் தொட்டுவிடலாம். உள்ளே வருவதுதான் ஆபத்து, அதுவும் சுவர் அரை மில்லிமீட்டர் உள்ள குழாயில், ஏடிஎம் கார்டை விட மெல்லிய தகடு அது. வாங்கியதுமே எல்லாவற்றையும் கழற்றச் சொல்லி, துரு தடுக்கும் எண்ணெயை ஒவ்வொரு குழாய்க்குள்ளும் விட்டு, ஃபிரேமைச் சுற்றிச் சுற்றிப் புரட்டி, ஒரு ராத்திரி வடிய விடுங்கள். பாட்டம் பிராக்கெட் அடியில் சின்ன ஓட்டை இருக்கும், அதை யாராவது அழுக்கென்று நினைத்து அடைத்திருந்தால் திறந்துவிடுங்கள், மழைத் தண்ணீர் வெளியேற அதுதான் வழி. சீட் போஸ்டில் கிரீஸ் தடவி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை உருவித் துடைத்து மறுபடி தடவுங்கள். டிரெய்னரில் (வீட்டுக்குள் நின்ற இடத்தில் மிதிக்க உதவும் ஸ்டாண்ட்) வைத்து மிதிக்கிற பழக்கம் இருந்தால் மேல் குழாய் மீது ஒரு துண்டு போடுங்கள். கடல் காற்றை விட உங்கள் வியர்வைதான் ஹெட்செட்டையும் பிரேக் கேபிள் உட்காரும் இடத்தையும் முதலில் தின்னும்.