கோள் கியர்பெட்டி அதிர்ந்தால் பற்களை மட்டும் சந்தேகிக்க வேண்டாம்

நடுவில் சூரிய கியர், அதைச் சுற்றிக் கோள் கியர்கள், வெளியே வளைய கியர் என்று அமைந்த கோள் கியர் அமைப்பில் உற்பத்திப் பிழைகள் அதிர்வை எவ்வாறு பாதிக்கின்றன, பற்களை இன்னும் துல்லியமாக அரைத்தால் அதிர்வு அடங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். சிங்கப்பூரின் துவாஸில் கியர்பெட்டிகளைப் பழுதுபார்க்கும் பட்டறையொன்றில் அதிர்வு அளவீட்டைக் கவனிப்பவன் என்ற முறையில் சொன்னால், பெரும்பாலும் அடங்காது. கோள் கியர்களுக்கு இடையிலான வேறுபாடுதான் முதலில் ஆராய வேண்டியது.

வளைய கியர் அசையாமல் 98 பற்களுடனும், சூரிய கியர் 28 பற்களுடனும், 35 பற்கள் கொண்ட மூன்று கோள் கியர்கள் சம இடைவெளியிலும் இருப்பதாகக் கொள்வோம். கேரியர் (கோள் கியர்களைத் தாங்கிச் சுற்றும் சட்டம்) விநாடிக்கு ஒரு சுற்று சுற்றினால் பல் இணையும் அதிர்வெண் 98 ஹெர்ட்ஸ். ஆனால் மூன்று கோள்களும் ஒன்றுபோலவே இருந்தால், கியர்பெட்டியின் வெளிக்கூட்டின்மேல் பொருத்திய சென்சாரில் 98 தெரியாது. அவற்றின் அலைகள் ஒன்றையொன்று அழித்துவிட, மூன்றால் வகுபடும் 96, 99 போன்றவையே எஞ்சும். (99ஐப் பார்த்துப் பழுது என்று எழுதிவிடும் அறிக்கைகளும் உண்டு.) பிழை நுழைந்து இந்தச் சமச்சீர் குலைந்தால்தான் 97, 98, 100 ஆகியவை தலைகாட்டுகின்றன.

சமச்சீரை அதிகம் குலைப்பது கேரியரில் கோள் கியர்களின் அச்சு ஊசிகள் (pin) பொருந்தும் துளைகளின் இடப்பிழை. துளை ஆர வாக்கில் விலகினால் பாதிப்பு குறைவு. சுற்றுவாக்கில் விலகினால் அந்தக் கோள் மற்றவற்றுக்கு முன்னதாகவோ பின்னதாகவோ பளுவை ஏற்கிறது. பளுவின்கீழ் பற்கள் வளைவதே பல சமயம் சில பத்து மைக்ரான்தான் என்பதால், அதே அளவு இடப்பிழை பளுப் பகிர்வையே மாற்றிவிடும். மூன்று கோள்களும் மிதக்கும் (மையம் இறுகப் பிணைக்கப்படாத) சூரிய கியரும் இருந்தால் பளு ஏறக்குறையச் சமமாகப் பிரியும். ஆயினும் சூரிய கியரின் மையம் விலகி, கேரியரோடு சேர்ந்து வட்டமிடும். நான்கோ அதற்கு மேலோ கோள்கள் இருந்தால் அந்தச் சமநிலையும் கிடைக்காது.

மையவிலகல் (கியரின் மையம் அதன் சுழல் அச்சிலிருந்து விலகியிருப்பது) வேறு விதம். மேற்சொன்ன அமைப்பில், கேரியரைப் பொறுத்துக் கோள் கியர் 2.8 ஹெர்ட்ஸிலும் சூரிய கியர் 3.5 ஹெர்ட்ஸிலும் சுற்றுவதால், அந்த இடைவெளிகளில் பக்கப்பட்டைகள் (முதன்மை அதிர்வெண்ணின் இருபுறமும் தோன்றும் துணை அதிர்வெண்கள்) எழும். மூன்று கோள்களுக்கும் ஒரே அளவு மையவிலகல் இருந்தால், ஒவ்வொன்றிலும் விலகல் உச்சமாக உள்ள புள்ளியைக் குறித்து, அவை ஒரே கட்டத்தில் வருமாறு கோத்துப் பளு வேறுபாட்டைக் குறைக்கலாம்.

ஆகவே, பற்களை மறுபடி அரைக்கச் செலவிடுவதற்கு முன் கேரியரைச் சிஎம்எம்மில் (ஆயத்தொலைவு அளவீட்டு இயந்திரம்) ஏற்றி, துளைகளின் சுற்றுவாக்கு விலகலைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.