பட்டா யார் பேரில் என்று கேளுங்கள், தம்பி

தம்பி, ஓரிகன் மாநிலத்து ஹில்ஸ்பரோவுக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது, ஹெச்-1பி விசா என்று எழுதியிருக்கிறீர்கள். கூட வேலை பார்க்கும் அமெரிக்கர் ஒருவர் வேலையை விட்டுவிட்டுப் புதுக் கம்பெனி தொடங்கப் போகிறார். மெக்மின்வில் பக்கம் நண்பர்களோடு சேர்ந்து நடத்தும் ஆப்பிள் தோட்டத்துக்கு வார இறுதியில் வந்து கைகொடுக்கச் சொல்கிறார். கம்பெனியும் தோட்டம் மாதிரிதான், அங்கே மேனேஜர் என்று யாரும் கிடையாது, எல்லாரும் சமம், சம்பளம் கொஞ்சம் பிந்தும், பங்கு உண்டு என்கிறார். "போகலாமா அக்கா? இது நம்ம ஆரோவில் மாதிரியா? ஸ்டீவ் ஜாப்ஸ்கூட இந்தப் பக்கத்துத் தோட்டத்தில்தான் இருந்தாராமே?" இதுதானே கேள்வி?

ஜாப்ஸ் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் நண்பர் மனதில் ஓடும் படம் அதுதான். இந்த ஊர் சாஃப்ட்வேர் ஆட்களில் நிறையப் பேருக்கு அந்தப் படம் பாதியோடு நின்றுவிடுகிறது.

இருந்தது உண்மைதான். போர்ட்லண்டுக்குத் தென்மேற்கே நாற்பது மைல், 220 ஏக்கர், 'ஆல் ஒன் ஃபார்ம்' என்று பேர். ரீட் கல்லூரியில் படித்த ராபர்ட் ஃப்ரீட்லண்ட் என்பவர் 1970களின் நடுவில் அங்கே கம்யூன் நடத்தினார், அதாவது எல்லாரும் கூடி வாழ்ந்து, வேலையும் பொருளும் பொதுவில் வைக்கிற குடியிருப்பு. நைனிடால் பக்கம் நீம் கரோலி பாபாவைத் தேடிப் போய்த் தரிசித்துவிட்டு வந்த ஆள். 1974இல் ஜாப்ஸும் அதே ஆசிரமத்துக்குப் போனார், ஆனால் பாபா அதற்கு முந்தின வருஷமே காலமாகிவிட்டார். தோட்டத்தில் ஜாப்ஸுக்குக் கொடுத்த வேலை கவாத்து. கவனிப்பாரில்லாமல் காடாகக் கிடந்த கிராவன்ஸ்டைன் ரக ஆப்பிள் மரங்களை, சில ஆட்களை வைத்துக்கொண்டு வெட்டிச் சீராக்கிக் காய்ப்புக்குக் கொண்டுவர வேண்டும். பழத்தைப் பிழிந்து சைடராக விற்றார்கள். ஹரே கிருஷ்ணா பக்தர்கள் வந்து சீரகம், மல்லி, மஞ்சள் மணக்கச் சைவச் சாப்பாடு சமைத்துப் போட்டார்களாம். 1976இல் இந்தத் தோட்டத்திலிருந்து திரும்பிய கையோடுதான் கம்பெனிக்கு 'ஆப்பிள்' என்ற பேரை ஜாப்ஸ் தன் கூட்டாளி வோஸ்னியாக்கிடம் சொன்னார்.

இதுவரை எல்லாருக்கும் தெரியும். அங்கே இன்னொரு வேலையும் நடந்தது. விறகு வெட்டி விற்றார்கள், ஆப்பிள் பிழியும் கருவியும் விறகு அடுப்பும் செய்து விற்றார்கள். உழைத்தவர்களுக்குக் கூலி கிடையாது. ஆன்மிகம் தேடித்தானே வந்திருக்கிறார்கள், எப்படிக் கேட்பார்கள்? நிலமோ ஃப்ரீட்லண்டின் பணக்கார உறவினருடையது. ஒருநாள் சமையலறை மேசைக்கு அடியில் படுத்துக் கிடந்த ஜாப்ஸ், ஒவ்வொருவராக வந்து ஃப்ரிட்ஜைத் திறந்து அடுத்தவர் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறார். எல்லாரும் ராபர்ட்டின் தோட்டத்துக்காகத்தான் மாடாய் உழைக்கிறோம் என்று புரிந்ததும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள், தனக்கும் அலுத்துவிட்டது என்று ஜாப்ஸே பின்னாளில் சொன்னார். ஃப்ரீட்லண்ட் அப்புறம் தங்கம், செம்பு, நிக்கல் என்று உலகம் பூராவும் சுரங்கம் தோண்டிக் கோடீஸ்வரர் ஆனார். அவருடைய கம்பெனி நடத்திய கொலராடோ சம்மிட்வில் தங்கச் சுரங்கத்திலிருந்து கசிந்த நஞ்சு ஆற்றைக் கெடுத்தது பெரிய வழக்காயிற்று.

அப்படியானால் ஜாப்ஸ் அங்கே என்ன கற்றார்? அவரோடு தோட்டத்திலும் இந்தியாவிலும் கூடவே சுற்றிய டேனியல் காட்கி சொன்னது இது: கூச்சக்காரராக இருந்த ஜாப்ஸ், எதிராளியைப் பேச்சில் கட்டிப்போடும் வித்தையை ஃப்ரீட்லண்டிடமிருந்துதான் எடுத்துக்கொண்டார். அதே காட்கிதான் ஜாப்ஸ் வீட்டு கராஜில் உட்கார்ந்து ஆரம்ப கால ஆப்பிள் போர்டுகளைப் பூட்டியவர். 1980 டிசம்பரில் கம்பெனி பங்குச் சந்தைக்கு வந்தபோது, மணிக்கூலி ஆள் என்று சொல்லி அவருக்குப் பங்கு ஒதுக்கவில்லை. வோஸ்னியாக் தன் கைப் பங்கிலிருந்து அவருக்கும் இன்னும் சிலருக்கும் கொடுத்தார். தோட்டத்தில் கூலி கேட்காமல் உழைத்த அதே ஆள்! நானாக இருந்தால் உங்கள் நண்பரிடம் இந்தப் பகுதியைத்தான் முதலில் சொல்லுவேன்.

கம்யூன் என்றாலே ஏமாற்று என்று நினைத்துவிடாதீர்கள். டென்னசியில் சம்மர்டவுன் என்ற ஊரில் 'தி ஃபார்ம்' இருக்கிறது. ஸ்டீஃபன் காஸ்கின் என்ற கல்லூரி ஆசிரியரின் பின்னால் சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து பழைய ஸ்கூல் பஸ்களில் ஊர்வலமாகப் போனவர்கள் 1971இல் தொடங்கியது. அப்போது உள்ளே வருகிறவர் கைப்பணத்தைப் பொதுவில் போட்டுவிட வேண்டும். இறைச்சி, பால், முட்டை எதுவும் கிடையாது. சோயா பயிரிட்டு அதில்தான் பால், டோஃபு எல்லாம். ஆயிரம் பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். அவர் மனைவி இனா மே காஸ்கினும் கூட இருந்த பெண்களும் மருத்துவச்சி வேலையைத் தாங்களாகவே கற்று, இன்று நாடு முழுக்க மதிக்கிற அளவுக்கு வளர்த்தார்கள். கடன் ஏறி 1983இல் பொதுப்பணம் முறை நின்றது. இனி ஒவ்வொரு குடும்பமும் சம்பாதித்து மாதாமாதம் பணம் கட்ட வேண்டும் என்று ஆனதும் நிறையப் பேர் வெளியேறினார்கள், முக்கால்வாசி வெறுங்கையோடு.

ஃபார்மில் வாழ்ந்து வெளியே வந்த மூன்று பேர்தான் ஸ்டூவர்ட் பிராண்ட் என்பவரின் புது முயற்சிக்குக் கைகொடுத்தார்கள். 1968இலேயே கம்யூன்காரர்களுக்குக் கருவியும் தகவலும் போய்ச் சேரட்டும் என்று 'ஹோல் எர்த் கேட்டலாக்' என்ற தொகுப்புப் புத்தகம் போட்டவர் இந்த பிராண்ட். 1985இல் அவரும் லாரி பிரில்லியன்ட் என்ற டாக்டரும் சேர்ந்து 'தி வெல்' என்ற கணினி அரட்டைக் கூடத்தைத் தொடங்கினார்கள். அப்போது போன் லைனில் மோடம் போட்டுத்தான் உள்ளே போக முடியும். அதை நடத்த வந்த மாத்யூ மெக்லூர், கிளிஃப் ஃபிகாலோ, ஜான் கோட் மூவரும் ஃபார்ம்வாசிகள். கோட் அதுவரை கார் மெக்கானிக். கம்ப்யூட்டர் தெரியாவிட்டால் என்ன? ஒரே வீட்டில் பல குடும்பம் அடைந்து வாழ்ந்து, ராத்திரி முழுக்க உட்கார்ந்து சண்டையைப் பேசித் தீர்த்துப் பழகியவர்கள். திரையில் முட்டிக்கொள்கிறவர்களை வெளியே தள்ளாமல் பேசியே வழிக்குக் கொண்டுவந்தார்கள். மாதம் ஒருமுறை ஆபீஸுக்கே கூப்பிட்டு, முகம் பார்த்துச் சாப்பிட வைத்தார்கள். மிட்ச் கபோரும் ஜான் பெர்ரி பார்லோவும் அங்கே பழகித்தான் 1990இல், இணையத்தில் மக்கள் உரிமைக்காக வாதாடும் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷனைத் தொடங்கினார்கள். கிரெய்க்ஸ்லிஸ்ட் விளம்பரத் தளத்தைத் தொடங்கிய கிரெய்க் நியூமார்க்கும் அங்கே உட்கார்ந்திருந்தவர்தான். இணையத்தில் 'கம்யூனிட்டி' என்று இன்று எல்லாரும் சொல்கிற சங்கதிக்கு ஃபார்மின் சோயா வயல் ஒரு மூலம். இதை நான் ஜாப்ஸின் ஆப்பிள் மரத்தைவிடப் பெரிதாக மதிக்கிறேன்.

ஆரோவில்லும் 1968இல் தொடங்கிய அதே காலத்துப் பிள்ளைதான். ஆனால் அங்கே நிலம் தனியார் பேரில் இல்லை. 1988இல் பாராளுமன்றச் சட்டம் போட்டு ஆரோவில் ஃபவுண்டேஷன் பேரில் வைத்திருக்கிறார்கள். அந்த ஏற்பாட்டிலும் சண்டை உண்டு, அது வேறு கதை. சமம், குடும்பம் என்று யார் பேசினாலும் நம் ஊரில் நிலம் வாங்கப் போகிறவர் கேட்கிற கேள்வியைத்தான் நீங்களும் கேட்க வேண்டும்: பட்டா யார் பேரில்?

கம்பெனிக்குப் பட்டா என்பது பங்குப் பட்டியல். மொத்தப் பங்கு எத்தனை, உங்களுக்கு எத்தனை, யாரிடம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். "ஒரு சதவீதம்" என்று வாயால் சொல்வது செல்லாது. வழக்கமாக நான்கு வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உங்களுடையதாகும், முதல் வருஷம் முடியாமல் விலகினால் ஒன்றும் கிடைக்காது. ஆப்ஷன் (முன்கூட்டி நிர்ணயித்த விலைக்குப் பங்கு வாங்கும் உரிமை) என்றால், விலகியதும் பெரும்பாலும் 90 நாளுக்குள் காசு கொடுத்து வாங்கியாக வேண்டும்.

'சம்பளம் பிந்தும்' என்ற பேச்சுக்கே உங்கள் விசாவில் இடமில்லை. தொழிலாளர் துறைக்கு எழுதிக்கொடுத்த சம்பளத்தைக் கம்பெனி மாதாமாதம் பணமாகக் கொடுத்தே ஆக வேண்டும், பங்கை அதற்கு ஈடாகக் காட்ட முடியாது. புதுக் கம்பெனி உங்களுக்கு மனு போடாமல் அங்கே ஒரு நாள்கூட வேலை பார்க்கக் கூடாது, சும்மா உதவி என்றாலும்தான். பழைய வேலையை விட்டபின் கையில் இருப்பது அதிகபட்சம் 60 நாள். பேப்பரில் கையெழுத்துப் போடும் முன் கம்பெனி லாயரிடம் அல்ல, உங்கள் காசில் உங்கள் லாயரிடம் காட்டுங்கள்.

தோட்டத்துக்குத் தாராளமாகப் போங்கள், விருந்தாளியாக. விற்பனைக்கு விளைவிக்கிற இடமென்றால் வாராவாரம் கூலியில்லாமல் வேலை பார்ப்பதை வழக்கமாக்காதீர்கள், அதுவும் விசாவைத்தான் தொடும். நானும் இந்த மாதிரித் தோட்டத்துக்குப் போயிருக்கிறேன். கவாத்து குளிர் மழையில்தான் நடக்கும். மூன்று கால் ஏணி சேற்றில் வழுக்கும், ரப்பர் பூட்ஸ் இல்லாமல் போகாதீர்கள். நான் போன தோட்டத்துச் சமையலறையில் ஃப்ரிட்ஜ் தட்டு ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டிப் பேர் எழுதியிருந்தது. அவர்களும் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னும் இரண்டு விஷயம். இங்கே வெறும் 'சைடர்' என்றால் பெரும்பாலும் பழச்சாறு, 'ஹார்ட் சைடர்' என்றால் போதை. கஞ்சா ஓரிகனில் சட்டப்படி விற்பதுதான், ஆனால் மத்திய அரசுச் சட்டத்தில் குற்றம். விசா, கிரீன் கார்டு முடிவு செய்வது அவர்கள். சுற்றில் வந்தால் வேண்டாம் என்று கைகாட்டிவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். கொண்டுபோகப் புளியோதரைதான் தோது, வீகன்காரரும் சாப்பிடுவார். வேர்க்கடலை போட்டிருந்தால் டப்பா மேல் எழுதி ஒட்டுங்கள், ஒவ்வாமைக்காரர் நிச்சயம் ஒருவர் இருப்பார்.