மினாக்சிடில் போட்டதும் முடி கொட்டியதே, நிறுத்தியது சரியா?

கேள்வி: எனக்கு 26 வயது. சொந்த ஊர் திருப்பூர். 3 ஆண்டுகளாகச் சென்னையில் தங்கி சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறேன். வந்த ஆறாவது மாதமே முடி கொட்ட ஆரம்பித்தது. போர் தண்ணீர்தான் காரணம் என்று ரூமில் எல்லோரும் சொல்கிறார்கள். இப்போது நெற்றி இரண்டு பக்கமும் ஏறிவிட்டது, உச்சியில் மண்டை தெரிகிறது. அப்பாவுக்கு 40 வயதில் வழுக்கை விழுந்தது. வெங்காயச் சாறு, பயோட்டின் மாத்திரை எல்லாம் பார்த்தாகிவிட்டது. 2 மாதத்துக்கு முன் மருந்துக் கடையில் தலையில் தடவும் மினாக்சிடில் மருந்தை வாங்கிப் போட்டேன். மூன்றாவது வாரம் கொத்துக் கொத்தாகக் கொட்டவே பயந்து நிறுத்திவிட்டேன். வழுக்கைக்குத் தரும் ஃபினாஸ்டிரைடு மாத்திரை சாப்பிட்டால் ஆண்மை போய்விடும் என்கிறார்கள். வீட்டில் பெண் பார்க்கிறார்கள். அதற்குள் முடி நடவு செய்துகொள்ளலாமா?

பதில்: இத்தனையும் செய்ததில் உருப்படியான ஒன்று அந்த மினாக்சிடில்தான். அதைப் போய் மூன்றாவது வாரத்தில் நிறுத்திவிட்டீர்கள். ஏன் கொட்டியது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் சென்னைத் தண்ணீரை விடுதலை செய்துவிடுவோம்.

உப்புத் தண்ணீரில் குளித்தால் முடி சொரசொரப்பாகும், சிக்கு விழும், சீவும்போது நடுவில் உடையும். அவ்வளவுதான். வேரை அது தொடுவதில்லை. யோசித்துப் பாருங்கள், அதே தண்ணீர்தானே பின்னந்தலையிலும் காதோரத்திலும் விழுகிறது? அங்கே முடி அடர்த்தியாகத்தானே இருக்கிறது? நெற்றியையும் உச்சியையும் மட்டும் தேடிப் பிடித்துக் காலி செய்யும் தண்ணீர் எந்த ஊரிலும் இல்லை. ஹெல்மெட்டால் கொட்டுகிறது என்பவர்களுக்கும் இதே பதில்தான். நீங்கள் சென்னைக்கு வந்தது 23 வயதில். பரம்பரை வழுக்கை பலருக்கும் தொடங்குகிற வயது அது. வேலைக்காக ஊர் மாறுகிற வயதும் அதுவாகவே இருப்பதால் பழி ஊர்மேல் விழுகிறது. சென்னையிலிருந்து பெங்களூரு போன பையன்கள் பெங்களூருத் தண்ணீரைத் திட்டுவதையும் வாரம் ஒருமுறை கேட்கிறேன்.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். உச்சியிலிருந்து ஒரு முடியும், பிடரிக்கு மேலிருந்து ஒரு முடியும் எடுத்து வெள்ளைத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பிடரி முடி தையல் நூல் மாதிரி திடமாக இருக்கும். உச்சி முடி சிலந்தி நூல் மாதிரி மெலிந்து, நிறமும் சற்று வெளுத்துத் தெரியும். கிளினிக்கில் டெர்மாஸ்கோப் என்ற லென்ஸை வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகப் புரியும். ஒரே இடத்தில் தடித்த முடி, நடுத்தர முடி, பூனை முடி என்று மூன்று தலைமுறையும் கலந்து நிற்கும். ஆண் வழுக்கையின் அடையாளமே இதுதான்.

நம் தலையில் ஏறக்குறைய 1 லட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொன்றும் 2 முதல் 6 ஆண்டு வளர்ந்து, சில வாரம் சுருங்கி, சுமார் 3 மாதம் ஓய்வெடுத்துவிட்டு விழும். அதே குழியிலிருந்து புதிய முடி கிளம்பும். இதனால் யாருக்குமே ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிரத்தான் செய்யும். குளியலறைச் சாக்கடை வாயில் சுருண்டு கிடக்கும் முடியை எண்ணிக்கொண்டிருப்பவர்களிடம் எண்ண வேண்டாம் என்றுதான் சொல்வேன். விழுந்தது கணக்கில்லை, அடுத்து முளைப்பது எப்படி முளைக்கிறது என்பதுதான் கணக்கு. பரம்பரை வழுக்கையில் ஒவ்வொரு சுற்றிலும் வளரும் காலம் குறைகிறது, முடி மெலிகிறது. கடைசியில் கண்ணுக்கே தெரியாத பூனை முடியாக நின்றுபோகிறது.

இதற்குப் பின்னால் இருப்பது டி.எச்.டி. என்ற ஹார்மோன். டெஸ்டோஸ்டிரோனை 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதி டி.எச்.டி.யாக மாற்றுகிறது. நெற்றியிலும் உச்சியிலும் உள்ள வேர்கள் சிலருக்கு இந்த டி.எச்.டி.யைத் தாங்குவதில்லை. பின்னந்தலை வேர்கள் அதைக் கண்டுகொள்வதே இல்லை. ஹார்மோன் அளவு எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், வேரின் சுபாவம்தான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. அந்தச் சுபாவம் அப்பா வழியிலும் வரும், அம்மா வழியிலும் வரும். முக்கியமான மரபணு ஒன்று அம்மா தரும் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆகவே அப்பா தலையோடு தாய்மாமன் தலையையும் ஒருமுறை பார்த்துவையுங்கள்.

இதைக் கண்டுபிடித்த கதையையும் சொல்லிவிடுகிறேன், மாத்திரை பற்றிய உங்கள் பயத்துக்கு அது தேவைப்படும். 1940-களில் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க உடற்கூறியலாளர், பருவ வயதுக்கு முன்பே விதை நீக்கப்பட்டவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்று பார்த்தார். அவர்களில் சிலருக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்ததும் வழுக்கை விழத் தொடங்கியது. பிறகு 1974-இல் டொமினிகன் குடியரசின் ஒரு கிராமத்தைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. அங்கே சில குடும்பங்களில் பிறவியிலேயே அந்த நொதி குறைவு. அந்த ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் இருந்தது, டி.எச்.டி. மிகக் குறைவு. அவர்களுக்குப் புரோஸ்டேட் சுரப்பி சிறிதாகவே இருந்தது, முன்தலை வழுக்கையும் விழவில்லை. இந்த நொதியை மருந்தால் தடுத்தால் என்ன என்ற யோசனையில் பிறந்ததுதான் ஃபினாஸ்டிரைடு. 1992-இல் புரோஸ்டேட் வீக்கத்துக்கு 5 மில்லிகிராம் மாத்திரையாகவும், 1997-இல் வழுக்கைக்கு 1 மில்லிகிராம் மாத்திரையாகவும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

சரி, இப்போது மினாக்சிடில். இதுவும் முடிக்காக வந்த மருந்து இல்லை. ரத்த அழுத்த மாத்திரையாக வந்தது. சாப்பிட்டவர்களுக்கு முகத்திலும் கையிலும் முடி முளைக்கவே, அதைத் தலையில் தடவும் திரவமாக்கினார்கள். 1988-இல் ஆண் வழுக்கைக்கு அங்கீகாரம் கிடைத்தது. இது டி.எச்.டி.யைத் தொடுவதில்லை. ஓய்வில் இருக்கும் வேர்களைத் தட்டி எழுப்பி வளரும் கட்டத்துக்குத் தள்ளுகிறது. அப்படி எழும்பும் புது முடி, குழியில் ஏற்கெனவே ஓய்ந்து உட்கார்ந்திருக்கும் பழைய முடியை வெளியே தள்ளிவிடும். உங்களுக்கு மூன்றாவது வாரம் கொட்டியது அந்தப் பழைய முடிதான். மருந்து வேலை செய்யத் தொடங்கியதன் அறிகுறி அது. கொட்டுவது பெரும்பாலும் 2 மாதத்துக்குள் அடங்கிவிடும். 4-ஆவது மாதத்தில்தான் மாற்றம் தெரிய ஆரம்பிக்கும், பலன் உண்டா இல்லையா என்று 6 மாதத்துக்கு முன் முடிவு கட்டக் கூடாது. நீங்கள் மறுபடி தொடங்கினால் மறுபடி கொஞ்சம் கொட்டும், இப்போதே சொல்லிவிட்டேன்.

5 சதவீதத் திரவம், காலையில் 1 மில்லி, இரவில் 1 மில்லி. காய்ந்த தலையில், முடியை விலக்கித் தோலில் படும்படி விட்டு விரலால் தடவுங்கள். பலர் எண்ணெய் தேய்ப்பதுபோல் முடிமேல் தேய்த்துவிட்டுப் பலன் இல்லை என்கிறார்கள். இரவில் படுக்கப் போவதற்கு 2 மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் மருந்து தலையணைக்குத்தான் போகும். அரிப்பும் செதிலும் வந்தால் பெரும்பாலும் அது திரவத்தில் உள்ள புரோப்பிலீன் கிளைக்கால் தரும் தொல்லை. நுரை வடிவத்துக்கு மாறினால் சரியாகும். இதய நோய் இருப்பவர்கள் கேட்காமல் போடக் கூடாது.

அடுத்தது ஃபினாஸ்டிரைடு. மெலிவதைத் தடுத்து நிறுத்துவதில் மினாக்சிடிலைவிட இதுதான் வலுவானது. உச்சி வழுக்கை உள்ளவர்களிடம் 2 ஆண்டு நடந்த ஆய்வில், மாத்திரை சாப்பிட்டவர்களில் 83 சதவீதம் பேருக்கு முடியின் எண்ணிக்கை குறையாமல் நின்றது. மருந்தில்லாத மாவு மாத்திரை சாப்பிட்டவர்களில் 28 சதவீதம் பேருக்குத்தான் நின்றது. ஆண்மை விஷயத்துக்கு வருவோம். ஆசைக் குறைவு, விறைப்புக் குறைவு, விந்து குறைவு இவற்றில் ஏதோ ஒன்று மருந்து சாப்பிட்டவர்களில் 3.8 சதவீதம் பேருக்கும், மாவு மாத்திரை சாப்பிட்டவர்களில் 2.1 சதவீதம் பேருக்கும் வந்தது. ஆக, பக்க விளைவு உண்டு. ஆனால் நூற்றில் பெரும்பாலானோருக்கு வராது, வந்தவர்களில் பெரும்பாலோருக்கு நிறுத்தியதும் போய்விடும். நிறுத்திய பிறகும் நீடித்ததாகச் சொல்பவர்கள் சிலர் இருக்கிறார்கள், அவர்களை நான் பொய்யர்கள் என்று தள்ளமாட்டேன். தற்கொலை எண்ணம் வரலாம் என்பதையும் ஐரோப்பிய மருந்து ஆணையம் 2025-இல் பக்க விளைவாக உறுதி செய்திருக்கிறது. மனச்சோர்வுக்கு எப்போதாவது சிகிச்சை எடுத்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். மாத்திரை தொடங்கிய பின் மனம் சரியில்லை என்று தோன்றினால் உடனே நிறுத்திவிட்டு வந்து பாருங்கள். நண்பன் வாங்கும் அட்டையில் பாதியை வாங்கிச் சாப்பிடும் பழக்கம் இதில் வேண்டவே வேண்டாம்.

கல்யாணத்துக்குப் பிறகு நினைவில் வைக்க வேண்டியவையும் உண்டு. உடைந்த ஃபினாஸ்டிரைடு மாத்திரையைக் கர்ப்பிணிகள் கையால் தொடக் கூடாது, வயிற்றில் ஆண் குழந்தை இருந்தால் பாதிக்கும். சிலருக்கு விந்தணு எண்ணிக்கை குறையும், நிறுத்தினால் மீளும். குழந்தைக்கு முயலும்போது மருத்துவரிடம் சொல்லிவிட்டால் போதும். கடைசி மாத்திரை சாப்பிட்டு 1 மாதம் ஆகும்வரை ரத்த தானம் செய்யாதீர்கள்.

இரண்டு மருந்தும் போட்டுக்கொண்டிருக்கும்வரைதான் வேலை செய்யும். நிறுத்தினால் ஒரு வருடத்துக்குள் காத்துவைத்ததெல்லாம் போய்விடும். இதைச் சொன்னதும் "ஆயுசுக்கும் போடணுமா டாக்டர்?" என்று முகம் சுண்டிப்போகிறவர்கள் உண்டு. போடாமலே இருப்பதும் நியாயமான முடிவுதான். இதை எழுதுகிற எனக்கே 35 வயதில் உச்சி தெரிந்துவிட்டது. ஒன்றும் போடவில்லை, முடியை ஒட்ட வெட்டிக்கொண்டேன். ஆனால் போடுவது என்றால் இப்போதே தொடங்க வேண்டும். மெலிந்த முடியைத் தடிக்க வைக்கலாம், வழுவழுவென்று ஆகிவிட்ட இடத்தில் எந்த மருந்தும் முளைக்க வைக்காது.

முடி நடவு இப்போது வேண்டாம். பின்னந்தலை முடியை எடுத்து முன்னால் நடுகிறார்கள். அது தன் சுபாவத்தோடு வருவதால் நட்ட இடத்திலும் நிலைக்கும், அதில் சந்தேகமில்லை. சிக்கல் அதைச் சுற்றியுள்ள முடியில். 26 வயதில் உங்கள் வழுக்கை எதுவரை போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. நெற்றியில் நட்டது நிற்க, அதற்குப் பின்னால் உள்ள உங்கள் சொந்த முடி பின்வாங்கிக்கொண்டே போனால், 32 வயதில் முன்னால் ஒரு முடித் தீவும் நடுவில் காலி மனையும் இருக்கும். பின்னந்தலை இருப்பும் அள்ள அள்ளக் குறையாத அட்சய பாத்திரம் இல்லை. குறைந்தது ஒரு வருடம் மருந்து போட்டு நிலைமையை நிறுத்திவிட்டுப் பிறகு யோசிக்கலாம். தவிர, நட்ட முடி முதல் மாதத்திலேயே உதிர்ந்து, 4-ஆவது மாதம் முளைத்து, முழுசாகத் தெரிய ஒரு வருடம் ஆகும். தையில் கல்யாணம் வைத்துக்கொண்டு ஐப்பசியில் நட்டால் மணமேடையில் இப்போதைவிட மோசமாகத் தெரிவீர்கள்.

என்றைக்காவது செய்வதானால், கத்தி யார் கையில் இருக்கும் என்று முதலில் கேளுங்கள். மருத்துவர் ஆலோசனை சொல்லிவிட்டுப் போய்விட, டெக்னீஷியன் அறுவையை முடிக்கும் இடங்கள் உண்டு. 2016-இல் சென்னையில் முடி நடவு செய்துகொண்ட மருத்துவ மாணவர் ஒருவர் உயிரிழந்தார். மருத்துவம் படித்துக்கொண்டிருந்தவருக்கே நேர்ந்தது அது.

மற்றவற்றை வேகமாக முடித்துவிடுகிறேன். வெங்காயச் சாறு பற்றி ஒரு சிறிய ஆய்வு உண்டு, ஆனால் அது புழுவெட்டுக்கானது. காசு அளவில் வட்டமாகச் சொட்டை விழுமே, அது வேறு நோய், அதில் புழுவும் கிடையாது. பயோட்டின் குறைபாடு நம்மில் மிக அரிது. மாத்திரையால் முடிக்குப் பயனில்லை, தைராய்டு ரத்தப் பரிசோதனை முடிவை வேண்டுமானால் தப்பாகக் காட்டவைக்கும். நம் ரத்தத்திலிருந்தே பிளேட்லெட்டுகளைப் பிரித்துத் தலையில் போடும் பி.ஆர்.பி. ஊசி சிலருக்கு ஓரளவு உதவுகிறது. மருந்து இல்லாமல் அதை மட்டும் பேக்கேஜ் போட்டு விற்றால் எழுந்து வந்துவிடுங்கள். மொட்டை அடித்தால் அடர்த்தியாக வளராது. வேண்டுதல் இருந்தால் பழனிக்குத் தாராளமாகப் போய் வாருங்கள். டெங்கு, டைபாய்டு மாதிரி காய்ச்சல் வந்து 2, 3 மாதம் கழித்துத் தலை முழுக்கக் கொட்டினால் அது தானாகவே திரும்பி வரும், அதற்கு இந்த மருந்துகள் எதுவும் தேவையில்லை. உங்களுக்கு இருப்பது அது இல்லை.

அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவிலேயே இதற்குப் பார்க்கலாம். போவதற்கு முன், ஒரே டியூப் லைட்டுக்குக் கீழே, தலை காய்ந்திருக்கும்போது, நெற்றியையும் உச்சியையும் போட்டோ எடுத்து வையுங்கள். 6 மாதம் கழித்து அதே இடத்தில் நின்று மறுபடி எடுங்கள். கண்ணாடியில் தினமும் பார்த்தால் ஒரு நாள் கூடின மாதிரியும் ஒரு நாள் குறைந்த மாதிரியும் தோன்றிக்கொண்டே இருக்கும். இன்னொன்று, ரூமில் யாராவது பூனை வளர்த்தால், மினாக்சிடில் போட்ட தலையை அது நக்காமலும் உங்கள் தலையணையில் படுக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த மருந்து பூனைக்குச் சிறிதளவே போனாலும் உயிருக்கு ஆபத்து.