மாவும் கணக்கும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: பத்து வயது மகளை வீட்டிலேயே படிக்கவைக்கிறோம். கேக் செய்தால் கணக்கு வரும் என்கிறேன் நான். மாமியாரோ, "மாவைக் கொட்டி விளையாட இது ஒரு சாக்கு" என்கிறார். யார் சொல்வது சரி? (தக்கலை)

பதில்: கரண்டியைக் கையில் கொடுத்து "கலக்கு" என்று மட்டும் சொன்னால், மாமியார் சொல்வதுதான் சரி. செய்முறையை அவளே பாதியாக்கட்டும். முக்கால் கப் சர்க்கரையில் பாதி எவ்வளவு? மூன்று முட்டையில் பாதி? இங்கேதான் பிள்ளைகள் திகைத்து நிற்பார்கள். ஓடு நீக்கிய முட்டை ஏறக்குறைய 50 கிராம். ஒன்றரை முட்டைக்கு 75. இரண்டை உடைத்து அடித்து, தராசில் 75 வரும்வரை ஊற்றச் சொல்லுங்கள். முட்டை வழுக்கிக்கொண்டு மொத்தமாக விழும்; 68-இல் நின்ற எண் சட்டென்று 83-க்குத் தாவும். எவ்வளவு வழித்தெடுப்பது என்று யோசிக்கும்போதே கழித்தல் வந்துவிடுகிறது.

அடுத்து மைதா. டப்பாவுக்குள் கப்பை அழுத்தி ஒருமுறை அள்ளட்டும். கரண்டியால் தளர்வாக நிரப்பி ஒருமுறை நிறுக்கட்டும். முதலாவது 150 கிராம் பக்கம் போகும், இரண்டாவது 120 பக்கம் நிற்கும். ஒரே கப்பில் இது எப்படி என்று அவளாகக் கேட்கும்வரை வாயைத் திறக்காதீர்கள். பெரியவர்களுக்கு அதுதான் கஷ்டம். கிறிஸ்துமஸ் கேக்குக்குப் பழம் நறுக்கும் நாளில் மட்டும் கணக்கை விட்டுவிடுங்கள். அன்றைக்கும் பின்னம் கேட்டால் பிள்ளை அடுக்களைப் பக்கமே தலைவைத்துப் படுக்காது.

கேள்வி: மட்டிப்பழ கேக் நடுவில் குழிந்து, அடியில் களியாகிவிடுகிறது. (மார்த்தாண்டம்)

பதில்: 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற குமரி வாழைப்பழம், மணத்துக்காக அள்ளிப் போட்டிருப்பீர்கள்! ஒரு கப் மாவுக்கு மசித்த பழம் அரை கப் போதும். மட்டி சிறியது என்பதால் எண்ணிப் போடாமல் அளந்து போடுங்கள். ஆப்பச் சோடா கால் டீஸ்பூனுக்கு மேல் வேண்டாம். மிஞ்சினால் கேக் பொங்கி அமுங்கும், சோப்பு வாடையும் அடிக்கும். பழத்தின் புளிப்பு பட்டதும் சோடா வாயுவை விடத் தொடங்கும். எனவே கலந்த மாவை ஆறப்போடாமல் 180 டிகிரி சூட்டில் வையுங்கள். முதல் 25 நிமிடம் கதவைத் திறக்காதீர்கள். பிறகு ஈர்க்கிலால் குத்திப் பாருங்கள்.

கேள்வி: வீட்டில் படித்தால் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத முடியுமா? (நாகர்கோவில்)

பதில்: முடியும். தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் 14 வயது நிறைந்தவர்கள் சேரலாம். மொழிப்பாடம் உட்பட ஐந்து பாடங்களில் தேற வேண்டும். பழைய பள்ளியில் மாற்றுச் சான்றிதழை இப்போதே வாங்கிவிடுங்கள். ஆண்டுகள் கழித்துப் போனால் அலையவிடுவார்கள்.

கேள்வி: ஓவன் இல்லை. குக்கரில் செய்யலாமா? (குளச்சல்)

பதில்: தாராளமாக. ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் கட்டாயம் கழற்றிவிடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். அடியில் உப்பைப் பரப்பி, அதன்மேல் வளையத் தாங்கி வைத்துப் பத்து நிமிடம் சூடாக்கிவிட்டு மாவு ஊற்றிய பாத்திரத்தை உள்ளே இறக்குங்கள். இறக்குவதும் எடுப்பதும் பெரியவர்கள் வேலை.

கேள்வி: மழைக்காலத்தில் பிஸ்கட் மறுநாளே நமுத்துப்போகிறது. (தோவாளை)

பதில்: நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, சர்க்கரை காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நன்றாக ஆறியபின் காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். நமுத்ததை 150 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்து ஆறவிட்டால் மொறுமொறுப்பு திரும்பும்.